லினக்ஸும் விண்டோஸும் ஒரே ஃபோல்டரைப் பகிர: காரைக்குடிக் கடை ஒன்றுக்கான பதில்

கேள்வி இதுதான். காரைக்குடியில் குடும்ப வீட்டின் முகப்பிலேயே கல்யாணப் பத்திரிகை, ஆல்பம் வடிவமைக்கும் கடை. கடையில் இரண்டு விண்டோஸ் மெஷின்கள்: ஒன்றில் விண்டோஸ் 10, புதிதாக வாங்கியதில் விண்டோஸ் 11 புரோ. வீட்டின் உள்ளே இரண்டாங்கட்டில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட ஒரு டெஸ்க்டாப், அதில் 4 டிபி டிஸ்க். லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸுக்குக் காட்டும் சாம்பா என்ற மென்பொருளைப் போட்டு, கடவுச்சொல் இல்லாமல் எல்லாரும் திறக்கும்படி ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்தாகிவிட்டது. பழைய மெஷினில் திறக்கிறது, புதியதில் திறக்க மாட்டேன் என்கிறது. "எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்தால் சரியாகிவிடும்" என்று பலர் சொல்கிறார்கள், செய்யலாமா? வைஃபையில் ஆல்பம் ஏற்ற மணிக்கணக்காகிறது, அதற்கு என்ன வழி? பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளுக்காக அப்பச்சி வைத்திருக்கும் விண்டோஸ் எக்ஸ்பி மெஷினையும் சேர்க்க முடியுமா?

முதலில் எஸ்எம்பி 1. நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிர விண்டோஸும் சாம்பாவும் பேசிக்கொள்ளும் நெறிமுறைதான் எஸ்எம்பி, அதன் மிகப் பழைய பதிப்பு 1. அதை ஆன் செய்யாதீர்கள். உங்கள் சிக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆன் செய்தாலும் புதிய மெஷினில் ஃபோல்டர் திறக்காது. ஆனால் கடைக்குள் ஒரு பெரிய ஓட்டை விழுந்துவிடும். 2017 மே மாதம் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளையும் அலுவலகங்களையும் முடக்கிய வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) பரவியது இந்தப் பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சில் அதை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 தானாக நிறுவப்படுவதில்லை. சாம்பாவும் 2019-இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து அதை அணைத்தே தருகிறது. இரண்டு பக்கமும் யோசித்து மூடிய கதவு அது. பத்து வருடத்துக்கு முந்தைய ஆலோசனைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

உங்கள் மெஷினில் உண்மையில் நடப்பது வேறு. விண்டோஸில் ஒரு பகிர்வைத் திறக்கும்போது, அது உங்களை எதுவும் கேட்பதற்கு முன்பே, நீங்கள் விண்டோஸுக்குள் நுழைந்த பெயரைச் சாம்பாவிடம் சொல்லிப் பார்க்கும். அந்தப் பெயர் சாம்பாவுக்குத் தெரியாது. உபுண்டுவோடு வரும் அமைப்புக் கோப்பில் 'மேப் டு கெஸ்ட்' என்று ஒரு வரி இருக்கிறது. தெரியாத பெயரில் யாராவது வந்தால், திருப்பி அனுப்பாமல் விருந்தாளியாக உள்ளே விடு என்பது அதன் பொருள். பழைய மெஷின் அப்படி விருந்தாளியாகத்தான் நுழைந்துகொண்டிருக்கிறது. ஃபோல்டர் திறப்பதால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் உள்ளே இருப்பவர் யார் என்று உபுண்டுவுக்குத் தெரியாது.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் இரண்டு விஷயங்கள் மாறின. புரோ பதிப்பில் விருந்தாளியாக நுழைவதை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுத்துவிட்டது. கூடவே ஒவ்வொரு எஸ்எம்பி பரிமாற்றமும் கையொப்பமிடப்பட வேண்டும் என்றும் வைத்துவிட்டது. கடவுச்சொல்லிலிருந்துதான் அந்தக் கையொப்பத்துக்கான சாவி பிறக்கிறது. விருந்தாளிக்குக் கடவுச்சொல் இல்லை, ஆகவே கையொப்பமும் கிடையாது. அதனால்தான் "உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை அனுமதிக்கவில்லை" என்ற மாதிரி ஒரு செய்தி வருகிறது. கடையில் நிறுவனமும் இல்லை, கொள்கையும் இல்லை, இது எங்கிருந்து வந்தது என்று பலர் குழம்புவார்கள். விருந்தாளிக்கு இடமில்லை என்பதை விண்டோஸ் அப்படிச் சொல்கிறது.

இந்தத் தடையை விண்டோஸில் தளர்த்த வழி இருக்கிறது. அதையும் செய்ய வேண்டாம். கடையில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு கடவுச்சொல் கொடுங்கள். ஒரு காபி குடிக்கும் நேரத்து வேலைதான். பகிர்வில் வரும் பெரும்பாலான தொல்லைகள் கேபிளாலும் வருவதில்லை, லினக்ஸாலும் வருவதில்லை. 'வந்திருப்பது யார்' என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாததால் வருகின்றன.

சரி, வேலைக்கு வருவோம். கட்டளைகளின் பெயர்களைப் படித்துக் காட்டுவது போல எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

பகிரும் ஃபோல்டரை உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை வெளியே எடுங்கள். உபுண்டு 21.04-இலிருந்து ஹோம் ஃபோல்டருக்குள் மற்ற பயனர்கள் எட்டிப் பார்க்க முடியாது. உள்ளே இருக்கும் ஃபோல்டருக்கு என்ன அனுமதி கொடுத்தாலும் வாசல் கதவு பூட்டியிருக்கும். இதற்கென்றே ரூட்டின் கீழ் 'எஸ்ஆர்வி' என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் 'வேலை' என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். உள்ளே இருக்கும் கோப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் தாராளமாக இருக்கலாம்.

அடுத்து 'கடை' என்று ஒரு குரூப் உருவாக்கி, வேலை செய்பவர்களை லினக்ஸ் பயனர்களாகச் சேர்த்து, அந்தக் குரூப்பில் போடுங்கள். அவர்கள் அந்த மெஷினில் உட்காரப் போவதில்லை என்றால் லாகின் அனுமதி தேவையில்லை. பிறகு முக்கியமான ஒன்று: லினக்ஸ் கடவுச்சொல் வேறு, சாம்பா கடவுச்சொல் வேறு. சாம்பா தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 'எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி' கட்டளையை மைனஸ் ஏ சேர்த்து ஒவ்வொரு பெயருக்கும் ஓட்டினால்தான் அந்தப் பட்டியலில் பெயர் ஏறும். "கடவுச்சொல்லைச் சரியாகத்தான் அடிக்கிறேன், ஆனாலும் தவறு என்கிறது" என்பவர்களில் பாதிப்பேர் இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்.

ஃபோல்டரின் குரூப்பை 'கடை' என்று மாற்றி, அனுமதியை 2775 என்று வையுங்கள். முன்னால் நிற்கும் அந்த 2 சும்மா இல்லை. உள்ளே யார் எந்தக் கோப்பை உருவாக்கினாலும் அது 'கடை' குரூப்புக்கே சொந்தமாக இருக்கும்படி அது பார்த்துக்கொள்ளும்.

இப்போது சாம்பாவின் அமைப்புக் கோப்பு. அது ஈடிசி ஃபோல்டருக்குள் சாம்பா என்ற ஃபோல்டரில் இருக்கிறது. 'குளோபல்' பகுதியில் 'மேப் டு கெஸ்ட்' வரியை 'நெவர்' என்று மாற்றுங்கள். உங்கள் பகிர்வின் பகுதியில் 'கெஸ்ட் ஓகே' இருந்தால் 'நோ' ஆக்குங்கள். 'பாத்' வரியில் எஸ்ஆர்விக்குள் போட்ட ஃபோல்டரின் முழு முகவரி. 'ரீட் ஒன்லி' நோ. 'வேலிட் யூசர்ஸ்' வரியில் அட் குறி போட்டு, ஒட்டியே குரூப்பின் பெயர். அப்புறம் 'ஃபோர்ஸ் குரூப்' வரியில் அதே குரூப், 'கிரியேட் மாஸ்க்' 0664, 'டைரக்டரி மாஸ்க்' 2775.

கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். புதிதாக உருவாகும் கோப்புக்கும் ஃபோல்டருக்கும் என்ன அனுமதி கிடைக்கும் என்பதை இந்த மாஸ்க்குகள்தான் தீர்மானிக்கின்றன. 'கிரியேட் மாஸ்க்' சொல்லாவிட்டால் சாம்பா 0744 என்று எடுத்துக்கொள்ளும். அதன் விளைவு கடையில் இப்படித் தெரியும்: ஒருவர் காலையில் பத்திரிகையை வடிவமைத்துச் சேமிப்பார். வாடிக்கையாளர் மத்தியானம் வந்து முகூர்த்த நேரத்தில் ஒரு திருத்தம் சொல்வார். இன்னொரு மெஷினில் திறந்து, திருத்தி, சேமிக்கப் போனால் 'ரீட் ஒன்லி' என்று நிற்கும். திறக்க முடிகிறது, சேமிக்க முடியவில்லை. உடனே எல்லாவற்றுக்கும் 777, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும், கொடுத்துவிடத் தோன்றும். வேண்டாம். அடுத்த புதிய கோப்பிலேயே அதே சிக்கல் திரும்பி வரும். மாஸ்க் சரியாக இருந்தால் வராது.

இன்னொரு வரியையும் சேர்க்கச் சொல்வேன். விண்டோஸிலிருந்து நெட்வொர்க் ஃபோல்டரில் ஒரு கோப்பை அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும். இது தெரியாமல் கல்யாணப் படங்களைத் தொலைத்தவர்கள் உண்டு. 'விஎஃப்எஸ் ஆப்ஜெக்ட்ஸ்' வரியில் 'ரீசைக்கிள்' என்று போட்டால், அழித்தவை பகிர்வுக்குள்ளேயே ஒரு மறைவு ஃபோல்டரில் சேரும். அவ்வப்போது அதைக் காலி செய்யாவிட்டால் டிஸ்க் நிரம்பும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சேமித்தபின் 'டெஸ்ட்பார்ம்' ஓட்டுங்கள், எழுத்துப் பிழை இருந்தால் காட்டிக்கொடுக்கும். பிறகு 'எஸ்எம்பிடி' சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் ஆன் ஆகியிருந்தால் சாம்பாவை அனுமதிக்க வேண்டும். எஸ்எம்பி பேசுவது 445-ஆம் போர்ட்டில். வீட்டுக்குள் அது திறந்திருக்கட்டும். ரவுட்டரில் அந்தப் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து விடவே கூடாது. வெளியூரிலிருந்து ஃபோல்டரைப் பார்க்க வேண்டுமானால் விபிஎன் (இணையத்தின் ஊடே போகும் பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக வாருங்கள்.

விண்டோஸ் பக்கம் போவதற்கு முன், உபுண்டுவிலேயே 'எஸ்எம்பிகிளையன்ட்' கொண்டு அதே பெயர், அதே கடவுச்சொல்லில் உள்ளே நுழைந்து பாருங்கள். அங்கே நுழைய முடியவில்லை என்றால் விண்டோஸைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நுழைய முடிந்தால், விண்டோஸில் நெட்வொர்க் புரொஃபைல் 'பிரைவேட்' ஆக இருக்கிறதா என்று ஒரு பார்வை. அப்புறம் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.50 என்று உபுண்டுவின் ஐபி எண்ணை அடியுங்கள். இது மாதிரி எண்தான், உங்களுடையது வேறாக இருக்கும். ரவுட்டரில் அந்த மெஷினுக்கு ஒரே எண்ணை ஒதுக்கி வைத்துவிட்டால் மின்சாரம் போய் வந்த பிறகும் மாறாது.

எண்ணில் திறந்து, பெயரில் திறக்காவிட்டாலோ, 80070035 என்று முடியும் பிழை வந்தாலோ, 'நெட்வொர்க்' பக்கத்தில் உபுண்டு தெரியாவிட்டாலோ பயப்படாதீர்கள். பகிர்வு வேறு, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியல் வேறு. முன்பு அந்தப் பட்டியல் எஸ்எம்பி 1-ஐ நம்பி இருந்தது. இப்போதைய விண்டோஸ் வேறொரு முறையில் தேடுகிறது. உபுண்டுவில் 'டபிள்யூஎஸ்டிடி' என்ற சிறிய மென்பொருளை நிறுவினால் அது பதில் சொல்லும், மெஷினின் பெயர் பட்டியலில் வந்துவிடும். எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்யச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலைத்தான் திரும்பக் கொண்டுவர முயல்கிறார்கள்.

பழைய மெஷினில் ஒரு சின்னத் தடங்கல் வரலாம். ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் போக விண்டோஸ் அனுமதிக்காது. முன்பு விருந்தாளியாகப் போன இணைப்பு உயிரோடு இருந்தால், புதிய பெயரை ஏற்க மறுக்கும். 'நெட் யூஸ்' கட்டளையில் பழைய இணைப்புகளை நீக்குங்கள், கிரெடென்ஷியல் மேனேஜரிலும் பழையது இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒருமுறை லாக் ஆஃப் செய்து வந்தால் போதும். பிறகு அந்த ஃபோல்டரை ஒரு டிரைவ் எழுத்தாக மேப் செய்து, கடவுச்சொல்லை நினைவில் வைக்கச் சொல்லிவிடுங்கள். அதன்பின் கடையில் யாரும் எதையும் அடிக்க வேண்டியதில்லை.

எதிர்த்திசையில், விண்டோஸில் இருக்கும் ஃபோல்டரை உபுண்டுவில் திறக்க வேண்டுமானால் ஒரே ஓர் எச்சரிக்கை. விண்டோஸுக்குள் நீங்கள் நுழையும் நான்கு இலக்க 'பின்' எண் நெட்வொர்க்கில் செல்லாது. அந்தக் கணக்கின் முழுக் கடவுச்சொல் வேண்டும். பகிர்வுக்கென்றே விண்டோஸில் ஒரு லோக்கல் கணக்கு போட்டுவிடுவது நல்லது. உபுண்டுவில் நிரந்தரமாக இணைக்க, துவங்கும்போது எதையெல்லாம் இணைக்க வேண்டும் என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதும்போது 'நோஃபெயில்' சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த விண்டோஸ் மெஷின் அணைந்திருக்கும் நாளில் உபுண்டு துவங்கும்போதே தடுமாறும்.

தமிழ்ப் பெயர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை ஆங்கிலக் குறிப்புகளில் பார்க்க முடியாது. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட் வரை போகலாம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் 255 குறிகள் வரை. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறியும் லினக்ஸில் 3 பைட் எடுக்கும். 'தி' என்பது த-வும் இகரக் கொக்கியுமாக இரண்டு குறி, ஆக 6 பைட். 'திருமண அழைப்பிதழ்' என்ற இரண்டு சொல்லே இடைவெளியோடு 49 பைட் ஆகிவிடுகிறது. மொத்தத்தில் ஒரு பெயருக்குச் சுமார் 85 குறிதான் இடம். நம்மூர்ப் பத்திரிகைக் கோப்புக்கு மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், இரண்டு வீட்டு ஊர், தேதி, 'இறுதித் திருத்தம்' என்று சேர்த்துக்கொண்டே போனால் 85 எளிதாகத் தாண்டும். விண்டோஸ் டிஸ்கில் நன்றாக இருந்த கோப்பு, பகிர்வுக்குள் நகலெடுக்கும்போது மட்டும் பெயர் நீளம் என்று மறுக்கும். ஊரையும் தேதியையும் ஃபோல்டர் பெயராக வைத்து, கோப்புப் பெயரைச் சுருக்குங்கள். வரம்பு ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி என்பதால் இது வேலை செய்யும்.

உபுண்டுவில் உட்கார்ந்து பெயர் வைப்பவர்கள் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரம் போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். 'முகூர்த்தம் 9:30' என்று லினக்ஸ் வைக்க விடும். விண்டோஸுக்கு அது ஆகாத குறி. சாம்பா அந்தப் பெயரைச் சிதைத்து எழுத்தும் எண்ணுமாக எதையோ காட்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், பெயர் மட்டும்தான் அப்படி.

இனி வேகம். செட்டிநாட்டு வீட்டில் வைஃபையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. முகப்பில் ரவுட்டர், நடுவில் வளவு, அதையும் தாண்டி இரண்டாங்கட்டில் மெஷின். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக நீளும் வீடு, இடையில் அந்தக் கனத்தில் செங்கல்லும் சுண்ணாம்புமான சுவர்கள். எந்த ரவுட்டர் வாங்கினாலும் அலை அங்கே போய்ச் சேரும்போது களைத்துத்தான் இருக்கும். ரிப்பீட்டரில் பணம் போடாதீர்கள். ஒரு கேட்5இ நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும், எவ்வளவு பெரிய வீட்டுக்கும் போதும்.

கேபிளை இழுப்பவரிடம் இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஒன்று, வளவின் பளபளக்கும் சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடிக்கவோ துளை போடவோ கூடாது. அந்தப் பூச்சு பெயர்ந்தால் அதே போல மறுபடி பூச ஆள் தேடி அலைய வேண்டும். மரச் சட்டங்களின் மேல்விளிம்பை ஒட்டியோ, ஏற்கெனவே மின்கம்பி போகும் வழியை ஒட்டிச் சற்று விலக்கியோ கொண்டுபோகலாம். இரண்டு, திறந்த முற்றத்தின் குறுக்கே வானம் பார்க்கத் தொங்கவிட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இடியில் நீளமான செம்புக் கம்பி இரண்டு முனையிலும் இருக்கும் போர்ட்டுகளைக் காலி செய்யக்கூடும். ஓரத்தைச் சுற்றியே போகட்டும்.

இழுத்த பிறகு இணைப்பின் வேகம் (நொடிக்கு மெகாபிட்டில்) 1000 என்று காட்டுகிறதா, 100 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். 100 என்றால் நொடிக்குச் சுமார் 11 எம்பிதான். 40 ஜிபி ஆல்பம் ஏற ஒரு மணி நேரம். 1000 என்றால் நொடிக்கு 110 எம்பி வரை போகும், அதே ஆல்பம் ஆறேழு நிமிடம். எட்டுக் கம்பியில் நாலை மட்டும் முறுக்கி விட்டிருந்தாலோ, நடுவில் பழைய சுவிட்ச் இருந்தாலோ 100-இலேயே நிற்கும். சின்னச் சின்னப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இதைவிட மெதுவாகத்தான் போகும், அது இயல்பு.

போட்டோஷாப் கோப்புகளை நேரே நெட்வொர்க் டிரைவில் திறந்து வேலை செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. லோக்கல் டிஸ்கில் வைத்து முடித்துவிட்டுப் பகிர்வில் போடுங்கள். நடுவில் ஒரு நொடி இணைப்பு அறுந்தால் பாதி எழுதிய கோப்பு மிஞ்சும். இரண்டு பேர் ஒரே கோப்பைத் திறந்திருந்தால் கடைசியில் சேமித்தவருடையதுதான் நிற்கும், முதலாமவருடைய வேலை சத்தமில்லாமல் போய்விடும்.

பகிர்வை பேக்கப் என்று எண்ணிவிடவும் கூடாது. கடையின் விண்டோஸ் மெஷின் ஒன்றில் ரேன்சம்வேர் ஏறினால், மேப் செய்த டிரைவையும் சேர்த்துப் பூட்டிவிடும். எழுதும் அனுமதி அதற்கும் உண்டல்லவா. ஒரு வெளி டிஸ்க்கை உபுண்டுவில் செருகி, 'ஆர்சிங்க்' என்ற நகலெடுக்கும் கட்டளை கொண்டு வாரம் ஒருமுறை நகலெடுத்துக் கழற்றி வைத்துவிடுங்கள். அந்த டிஸ்க் சாம்பாவில் பகிரப்படக் கூடாது.

எக்ஸ்பி மெஷினுக்கு வருகிறேன். அதற்கு எஸ்எம்பி 1 தவிர வேறெதுவும் பேசத் தெரியாது. அதைச் சேர்க்க வேண்டுமானால் சாம்பாவில் பழைய நெறிமுறையை மொத்த சர்வருக்குமே திறக்க வேண்டும், ஒரு பகிர்வுக்கு மட்டும் என்று திறக்க வழியில்லை. ஒரு மெஷினுக்காகக் கடையின் எல்லாக் கோப்புகளையும் பணயம் வைப்பது நியாயமில்லை. அதை நெட்வொர்க்கிலிருந்து முழுதாகப் பிரித்து வையுங்கள். அப்பச்சி அதில் பழகிய கையோடு வேலை செய்யட்டும். முடித்ததைப் பென் டிரைவில் எடுத்து, முதலில் உபுண்டுவில் செருகுங்கள், விண்டோஸ் வைரஸ் எதுவும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தாலும் அங்கே ஓடாது. பக்கக் கோப்பையும் அதன் எழுத்துருக்களையும் மட்டும் பகிர்வுக்குள் நகலெடுங்கள். டிரைவில் இருக்கும் மற்ற எதையும் திறக்காமல், அந்த டிரைவை எக்ஸ்பிக்கு மட்டும் என்று பெயர் ஒட்டி அங்கேயே வைத்துவிடுங்கள்.